கொல்லனிடம் சொல்லிவைத்த குலதனம்

ஜப்பானிய வாள்கொல்லர் ஒருவரிடம் முன்பணம் கொடுத்து, தண்டில் தன் பெயரையும் பொறிக்கச் சொல்லி, வருடக்கணக்கில் காத்திருந்து ஒரு வாளைப் பெற்றுக்கொள்ளும் சேகரிப்பாளர்கள் ஜப்பானிலும் உண்டு, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உண்டு. எதற்காக என்று கேட்டால் பெரும்பாலும் வருகிற பதில் ஒன்றுதான்: என் பிள்ளைகளுக்கு, அவர்களுடைய பிள்ளைகளுக்கு. இந்தப் பதில் என்னை நெடுநாளாகத் தொந்தரவு செய்துவருகிறது. குலதனம் என்பது முன்னோரிடமிருந்து நம் கைக்கு வந்து சேர்வது. அதைச் சொல்லிவைத்துச் செய்துகொள்ள முடியுமா? உயிரோடிருக்கும்போதே தன்னைத் தன் வம்சத்தின் மூதாதையாக நியமித்துக்கொள்ளும் காரியம் அது. அதில் கொஞ்சம் நகைப்புக்கு இடமிருக்கிறது.

இருந்தும், இந்த விஷயத்தில் நான் வாளைச் சொல்லிவைப்பவர்கள் பக்கம்தான் நிற்கிறேன். அவர்கள் சொல்லும் காரணத்துக்காக நிற்கவில்லை என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

சொல்லிவைக்கப்படும் பொருள் எது என்று பார்க்கலாம். மரபான முறையில் செய்யப்படும் ஜப்பானிய வாளுக்குரிய எஃகு ‘தமஹகனே’ எனப்படுவது. அது ஆலையில் வருவதில்லை. ஷிமானே மாநிலத்தின் மலைப்பகுதியில், ஒக்குயிசுமோ என்ற ஊரில், குளிர்காலத்தில் சில தடவைகள் மட்டும் மூட்டப்படும் ‘தத்தரா’ என்ற களிமண் உலையில்தான் அது பிறக்கிறது. மூன்று பகலும் மூன்று இரவும் அந்த உலை எரிய வேண்டும். அரை மணிக்கு ஒரு தரம் இரும்பு மணலும் மரக்கரியும் இட்டுக்கொண்டே இருப்பார்கள். தலைமை உலைக்காரருக்கு ‘முராகே’ என்று பெயர். அவர் தீயின் நிறத்தைப் பார்த்தும் உலையின் ஓசையைக் கேட்டும் அடுத்த கையளவைத் தீர்மானிக்கிறார். சுமார் 10 டன் மணலும் 12 டன் கரியும் உள்ளே போய், இறுதியில் இரண்டரை டன் எடையுள்ள ‘கெரா’ என்ற இரும்புக் கட்டி கிடைக்கிறது. அதிலும் வாளுக்குத் தகுதியான எஃகு ஒரு டன்னுக்கும் குறைவு. உலையின் சுவரே மெல்ல உருகி, மணலில் உள்ள கசடோடு கலந்து அதைப் பிரித்தெடுத்துக்கொண்டு வெளியே வழிகிறது. அதாவது, உலை தன்னையே தின்றுகொண்டு எஃகை ஈன்றுதருகிறது. மூன்றாம் நாள் முடிவில் மெலிந்துபோன சுவர்களை இடித்துத் தள்ளிவிட்டுத்தான் கட்டியை வெளியே எடுக்கிறார்கள். அடுத்த தடவைக்கு வேறு உலை. (இந்த உலைகளின் தெய்வமான கனயகோவுக்குப் பிணங்கள் பிடிக்கும் என்றும், இரும்பு இறங்க மறுத்தால் உலைக்கூடத்துத் தூணில் பிணத்தைச் சாய்த்து வைப்பார்கள் என்றும் அப்பகுதிக் கதைகள் சொல்கின்றன. இரும்புக்கும் சாவுக்கும் உள்ள உறவை அந்த மலைவாசிகள் பூசி மெழுகவில்லை.)

கொல்லர் இந்த எஃகைத் தட்டையாக்கி, நீரில் அவித்து, சிறு சில்லுகளாக உடைத்து, உடைந்த முகத்தைப் பார்த்துத் தரம் பிரிக்கிறார். சில்லுகளை அடுக்கி, காகிதத்தில் சுற்றி, களிமண் குழம்பும் வைக்கோல் சாம்பலும் பூசி, காய்ச்சி ஒட்டவைத்து, மடித்து மடித்து அடிக்கிறார். ‘பத்து லட்சம் தடவை மடிக்கப்பட்ட வாள்’ என்பதெல்லாம் திரைப்பட வசனம். பத்திலிருந்து பதினைந்து மடிப்புகளுக்கு மேல் போவது அரிது. பதினைந்து மடிப்பு என்றாலே 32,768 அடுக்குகள் வந்துவிடுகின்றன, அதற்கு மேல் எதற்கு? வெளியே கடினமான எஃகு, உள்ளே மென்மையான இரும்பு என்று இணைத்து நீட்டிய பிறகு, முதுகில் தடிமனாகவும் விளிம்பில் மெல்லியதாகவும் களிமண் பூசி, பட்டறையை இருட்டாக்கி, சூட்டின் நிறத்தைக் கண்ணால் அளந்து, நீரில் அமிழ்த்துகிறார். மண் மெலிந்த விளிம்பு சடுதியில் குளிர்ந்து, மார்ட்டென்சைட் என்ற கடினமான நிலைக்கு மாறி விரிகிறது. முதுகு நிதானமாகக் குளிர்கிறது. அந்த இழுபறியில்தான் வாள் வளைகிறது. நாம் அழகென்று வியக்கும் அந்த வளைவைக் கொல்லர் சுத்தியலால் முழுமையாகச் செய்துவிடுவதில்லை. பாதியை நீர் செய்கிறது. சில வாள்கள் அந்தக் கணத்திலேயே கீறிவிடும். மாதக்கணக்கான வேலை அந்த ஓசையோடு முடிந்துபோகும்.

அதன் பிறகும் வாள் கொல்லரோடு முடிவதில்லை. மெருகிடுபவர் வாரக்கணக்கில் கல்மேல் கல்லாக மாற்றி, கடைசியில் விரல்நுனியால் அழுத்தித் தேய்க்கும் மெல்லிய கல் சில்லுகள்வரை வந்து, எஃகின் இழையையும் விளிம்பின் வெண்ணிற அலையையும் வெளிக்கொண்டு வருகிறார். வாளின் கழுத்துக்கு உலோகப் பட்டை செய்பவர் வேறு ஒருவர். வெண்மரத்தில் உறை செய்பவர் இன்னொருவர். பெயர் பெற்ற கொல்லர் என்றால் தகடு மட்டுமே பத்து லட்சம் யென்னைத் தாண்டும். மற்றவர்களுக்கான கூலி தனி.

இவ்வளவையும் விவரித்ததற்குக் காரணம் உண்டு. சேகரிப்பாளர் தான் ஒரு பொருளைச் சொல்லிவைப்பதாக நினைக்கிறார். உண்மையில் மணல் அரிப்பவரிலிருந்து உறை செய்பவர்வரை ஒரு சங்கிலியை ஒரு வருடம் உயிரோடு வைத்திருக்கப் பணம் கொடுக்கிறார். அந்தச் சங்கிலி எவ்வளவு மெல்லியது என்பதை அறிந்தால்தான் இந்தக் காரியத்தின் முக்கியத்துவம் புரியும்.

ஜப்பானியச் சட்டப்படி, உரிமம் பெற்ற கொல்லரிடம் குறைந்தது ஐந்தாண்டுகள் சீடராக இருந்து, பின்பு அரசின் கலாச்சார முகமை நடத்தும் பயிற்சியில் தேறியவர்தான் வாள் செய்யலாம். அந்த ஐந்தாண்டில் சம்பளம் என்பது பொதுவாகக் கிடையாது. உரிமம் கிடைத்த பிறகு, மாதத்துக்கு இரண்டு நீண்ட வாள்கள் அல்லது மூன்று குறுவாள்களுக்கு மேல் செய்யக் கூடாது. மலிவான சரக்கு பெருகிவிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் பிறந்த விதி. ஆனால் இன்று பல கொல்லர்களுக்கு அந்த உச்சவரம்பு ஒரு பொருட்டே இல்லை, மாதம் இரண்டு வாளுக்கு ஆள் வந்தால்தானே? 1980-களின் இறுதியில் முன்னூறு பேர் அளவில் இருந்த வாள்கொல்லர்கள் இன்று இருநூறுக்கும் குறைவு. பழைய வாள்களே சந்தையில் ஏராளமாகக் கிடைக்கின்றன என்பது அவர்களுடைய இன்னொரு துயரம். அறுநூறு வருடங்களுக்கு முன் இறந்துபோன கொல்லர்களோடு அவர்கள் போட்டி போட வேண்டியிருக்கிறது.

கைவினை ஒன்று யாரும் சொல்லிவைக்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு நாம் வெளியே போய் உதாரணம் தேட வேண்டியதில்லை. தென்னிந்தியாவில் மூசைகளில் உருக்கிய எஃகு நூற்றாண்டுகளாக அரேபியாவுக்கும் பாரசீகத்துக்கும் சென்று, நீரலை போன்ற வரிகள் ஓடும் வாள்களாக மாறியது. ஐரோப்பியர் அதை ‘வூட்ஸ்’ என்றார்கள். 1819-ல் மைக்கேல் ஃபாரடே அந்த எஃகை ஆராய்ந்து எழுதினார். வாளுக்கான தேவை ஒழிந்து, ஆலை எஃகு மலிந்து வந்த 19-ஆம் நூற்றாண்டின் ஓட்டத்தில் அந்த மூசைகள் அணைந்தன. பிறகு என்ன ஆயிற்று? 1990-களில் ஜான் வெர்ஹோவன் என்ற உலோகவியலாளரும் ஆல்ஃபிரட் பென்ட்ரே என்ற கொல்லரும் அமெரிக்காவில் உட்கார்ந்து, பழைய வாள்களின் துண்டுகளை அறுத்துப் பார்த்து, மிகச் சிறிய அளவிலிருந்த வனேடியம் போன்ற தனிமங்கள்தான் அந்த வரிகளுக்குக் காரணமாக இருக்க வேண்டும் என்று படிப்படியாகக் கண்டடைய வேண்டியிருந்தது. கொடுமணலில் நாம் தோண்டியெடுப்பது அணைந்த உலைகளின் எச்சங்களை. அருங்காட்சியகங்களில் வாள்கள் இருக்கின்றன, செய்யத் தெரிந்த கைகள் இல்லை. ‘உருக்கு’ என்ற சொல் மட்டும் நம் வாயில் தங்கிவிட்டது.

ஒக்குயிசுமோ உலையும் ஏறத்தாழ இந்தக் கதியை அடைந்ததுதான். 1945-ல் அணைந்த பின், 1977-ல் ஜப்பானிய வாள்கலைப் பாதுகாப்புச் சங்கம் அதை மறுபடி மூட்டியது. இடைப்பட்டது முப்பத்திரண்டு வருடங்கள். பழைய உலைக்காரர்களில் சிலர் அப்போது உயிரோடிருந்தார்கள், அதனால் முடிந்தது. இன்னும் இருபது வருடம் தாமதித்திருந்தால் அங்கேயும் ஆய்வாளர்கள்தான் வந்து நின்றிருப்பார்கள்.

இங்கே ஒரு வாசகர் குறுக்கிடலாம்; குறுக்கிடவும் வேண்டும். 1945-ல் அந்த உலை ஏன் அணைந்தது? அதற்கு முன் அது யாருக்காக எரிந்தது? 1933-ல் அந்த இடத்தில் உலை மூட்டப்பட்டதே தோக்கியோவின் யாசுகுனி ஆலய வளாகத்தில் அமைந்த வாள் பட்டறைக்கு எஃகு தருவதற்காகத்தான். ராணுவ அதிகாரிகளின் இடுப்புக்காக அங்கே எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட வாள்கள் அடிக்கப்பட்டன. இன்று அமைதியான கலைப்பொருளாகப் பார்க்கப்படும் வாளின் எஃகு, அந்தப் போர்க்கால உலை இருந்த அதே இடத்திலிருந்து வருகிறது.

ஜப்பானிய வாள் என்றதும் தமிழ் வாசகனுக்குக் குரோசாவாவின் திரைப்படங்கள் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் ப.சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யைப் படித்தவர்களுக்கு வேறொன்றும் நினைவுக்கு வர வேண்டும். ஜப்பானியப் படை மேடான் நகருக்குள் நுழைவதில்தான் அந்த நாவல் தொடங்குகிறது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் தலைகளை வெட்டிப் பொது இடத்தில் காட்சிக்கு வைத்தது அந்தப் படை. சயாம் - பர்மா ரயில் பாதைக்கு 1942-43-ல் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. பெரும்பாலோர் காலராவிலும் பசியிலும் செத்தார்கள். அவர்களை மேய்த்த அதிகாரிகளின் இடுப்பில் தொங்கியது வாள். அவற்றில் மிகப் பல ஆலை எஃகில் அவசரமாக அடிக்கப்பட்டவை, மரபான வாள்களே அல்ல என்று நிபுணர்கள் சொல்வார்கள். சரியான தகவல்தான். ஆனால் அது உலோகவியல் பதில். குனிந்து நின்ற கழுத்துக்கு எஃகின் பூர்வீகம் தெரியாது.

எனவே ‘இது கலை, ஆயுதம் அல்ல’ என்று ஜப்பானியச் சட்டம் வரையறுப்பதை நான் பாதியளவுதான் ஏற்கிறேன். புதிதாகச் செய்யப்படும் வாள் கலைப்படைப்பாகப் பதிவு செய்யப்படுகிறது. ஆனால் நல்ல கொல்லர் எவரும் வெட்டாத வாளைச் செய்வதில்லை. வெட்டுவதற்கான கூர்மையும் உடையாமல் இருப்பதற்கான இணக்கமும் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கும் இடத்தில்தான் அந்த அழகே உண்டாகிறது. கொல்வதற்கான தகுதியைக் கழித்துவிட்டு அழகை மட்டும் வைத்துக்கொள்ள வழியில்லை. இதைத் தெரிந்துகொண்டு சொல்லிவைப்பவரோடு எனக்குச் சச்சரவு இல்லை. ‘சாமுராய்களின் ஆன்மா’ என்று உருகிக்கொண்டு சொல்லிவைப்பவரிடம்தான் எனக்கு ஒவ்வாமை. அந்தச் சொற்றொடரின் நிழலில்தான் 1930-களின் ராணுவமும் வாளேந்தியது.

வாள் சொல்லிவைப்பது ஜப்பானில் பழைய வழக்கம்தான். உள்நாட்டுப் போர்கள் மலிந்த 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் பிசென் மாநிலத்துப் பட்டறைகளிலிருந்து கட்டுக்கட்டாக வாள்கள் வெளிவந்தன, எண்ணிக்கைக்காக அடித்தவை. அதே கொல்லர்கள் ஒருவருக்கென்று சொல்லிவைத்து அடித்த வாள்களில் மட்டும், தண்டில் தங்கள் பெயரோடு பெறுபவரின் பெயரையும் பொறித்தார்கள். இன்றைய அறிஞர்கள் இந்த இரண்டாவது வகையைத்தான் தேடுகிறார்கள். பெயர் இருப்பதால் அதற்கு மதிப்பு என்று நினைக்கத் தோன்றும். யாருக்காகச் செய்கிறோம் என்று தெரிந்த கை வேறு மாதிரி வேலை செய்திருக்கிறது என்பதே உண்மைக் காரணம். இன்னும் பின்னே போனால் அரசர் கோ-தோபா வருகிறார். ‘ஷின் கொகின்ஷூ’ கவிதைத் தொகுப்பைத் தொகுக்கச் சொன்னவர் அவர்தான். சிறந்த கொல்லர்களை மாதமுறை வைத்து அரண்மனைக்கு வரவழைத்ததாகவும், தாமே உலை முன் அமர்ந்ததாகவும் சொல்வார்கள். 1221-ல் அதிகாரத்தைக் கைப்பற்ற முயன்று தோற்று, ஒக்கி தீவுக்கு நாடுகடத்தப்பட்டு அங்கேயே மாண்டார். கவிதையும் வாளும் ஒருசேரச் சொல்லிவைத்த அந்த மனிதரிடம் அதிகாரமாக எதுவும் எஞ்சவில்லை. தொகுப்பு இருக்கிறது.

குலதனம் என்ற சொல்லுக்கு வருகிறேன். தொகுகாவா குடும்பத்தில் தலைமுறைகளாகக் காக்கப்பட்ட ஹோன்ஜோ மசாமுனே என்ற வாள் 1939-ல் தேசியப் பொக்கிஷமாக அறிவிக்கப்பட்டது. 1945 இறுதியில், ஆக்கிரமிப்புப் படையின் ஆணைக்கிணங்க, அக்குடும்பத்தின் வாரிசு அதை ஒரு காவல் நிலையத்தில் ஒப்படைத்தார். அதன் பிறகு அது எங்கே போனது என்று எவருக்கும் தெரியாது. ஜப்பானின் மிக உறுதியான குலதனம் அந்த விதமாக முடிந்தது. வம்சத்தின் நீட்சிமீது நம்பிக்கை வைத்து வாள் சொல்லிவைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அதே நாட்களில் காணாமற்போன இன்னொரு வாள் ஆசோ ஆலயத்தின் ‘ஹொத்தாருமாரு’. போரில் பிளவுபட்ட அதன் விளிம்பில் மின்மினிகள் வந்தமர்ந்து காயத்தை ஆற்றின என்பது ஐதிகம். அதுவே பெயர்க் காரணம். 2015-ல், கிஃபு மாநிலத்தின் செக்கி ஊரைச் சேர்ந்த கொல்லர்கள் அந்த வாளை மறுபடி அடிக்கப் போவதாக இணையத்தில் பொதுமக்களிடம் நிதி கேட்டார்கள். நான்கு கோடி யென்னுக்கு மேல் சேர்ந்தது. கொடுத்தவர்களில் பலர், பழைய வாள்களை இளைஞர்களாக உருவகித்த ஒரு கணினி விளையாட்டின் வழியாக வாள்கலைக்குள் வந்தவர்கள். அதிலும் இளம்பெண்கள் அதிகம். நம் பண்டிதர்கள் கேட்டால் முகம் சுளிப்பார்கள். 2016-ன் நிலநடுக்கம் ஆலயத்தைச் சிதைத்துவிட்டது. 2017-ல் புதிய ஹொத்தாருமாரு அந்தச் சிதைவுகளுக்கு நடுவே ஒப்படைக்கப்பட்டது. கொடுத்தவர் எவருக்கும் அந்த வாள் சொந்தமில்லை. எவருடைய பேரனும் அதைச் சுவரில் மாட்டப்போவதில்லை. நான் அறிந்தவரை, அண்மைக் காலத்தில் வாள் சொல்லிவைக்கப்பட்டதிலேயே மிக நேர்த்தியான முறை அதுதான்.

அதைவிடப் பெரிதாகவும் தொன்மையாகவும் ஒன்று உண்டு. இசே ஆலயம் இருபது வருடங்களுக்கு ஒரு முறை புதிதாகக் கட்டப்படும்போது, தெய்வத்துக்குரிய வாள்களும் புதிதாகச் செய்யப்படுகின்றன. போருக்குப் பின் வாள் செய்யத் தடை இருந்த காலத்தில், 1953-ன் புதுப்பிப்புக்காகக் கொடுக்கப்பட்ட தனி அனுமதிதான் பல கொல்லர்களின் கையில் மறுபடி சுத்தியலைக் கொடுத்தது. முற்காலத்தில், பழைய வாள்களை எரிக்கவோ புதைக்கவோ செய்தார்கள். யோசித்துப் பாருங்கள்: உச்சபட்சத் திறமையில் செய்த பொருளை இருபது வருடத்தில் மண்ணுக்குள் போட்டுவிட்டு, மறுபடி முதலிலிருந்து செய்யச் சொல்கிறார்கள். இருபது வருடம் என்பது சீடன் ஆசானாகும் காலம். அங்கே பொருள் கைமாறுவதில்லை, கையே கைமாறுகிறது.

வசதியுள்ள நண்பர் யாராவது இதில் இறங்க நினைத்தால் சொல்வதற்குச் சில உண்டு. பெரிய பெயரைத் தேட வேண்டாம். உரிமம் வாங்கிச் சில வருடங்களே ஆன ஒருவரிடம் ஒரு குறுவாள் போதும். அவருக்கு அது அந்த மாதத்தின் அரிசி. எந்தத் திரைப்படத்து வாளின் படத்தையும் எடுத்துக்கொண்டு போக வேண்டாம். நீளமும் வளைவும் எந்த மரபின் சாயல் என்பதும் சொன்னால் போதும், மற்றதை அவரிடம் விட்டுவிடலாம். ஜப்பானை விட்டு வெளியே கொண்டுபோக வேண்டுமென்றால் கலாச்சார முகமையின் அனுமதி தேவை. அதற்கு நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும். ஜப்பானில் பதிவுச் சான்று வாளோடு பிறந்து வாளோடு போகிறது. வாங்குபவர் இருபது நாளுக்குள் ‘இப்போது இது என்னிடம் இருக்கிறது’ என்று அறிவிக்க வேண்டும், அவ்வளவே. உரிமையாளருக்கு உரிய அளவைச் சட்டம் சரியாகவே புரிந்துவைத்திருக்கிறது.

பிள்ளைகளுக்கு வாளைக் கொடுக்க விரும்புபவர் அதைப் பார்த்துக்கொள்ளவும் கற்றுத்தர வேண்டும். கைப்பிடியின் மூங்கில் ஆணியைக் கழற்றுவது, பழைய எண்ணெயை மெல்லிய காகிதத்தால் துடைப்பது, கிராம்பு மணம் கலந்த எண்ணெயைப் படலமாகப் பூசுவது, எஃகின்மேல் விரல் படாமல் பிடிப்பது என்று அரை மணிநேர வேலை. விரல்ரேகை ஒன்று பட்டால் அந்த இடத்தில் துரு ஏறும். பெட்டகத்தில் பூட்டி, விலை ஏறட்டும் என்று காத்திருப்பவருடைய வாள் இரண்டாம் தலைமுறையிலேயே புள்ளி விழுந்துவிடும். கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் தண்டை மட்டும் யாரும் துடைக்கக் கூடாது. அங்கே துரு ஏறத்தான் வேண்டும். வாளின் வயதை அறிஞர்கள் அந்தத் துருவின் நிறத்தில்தான் படிக்கிறார்கள். புதிய வாளில் அது பளிச்சென்றிருக்கும். பொறித்த எழுத்துகளின் ஓரங்கள் கையை உறுத்தும். அது ஆழ்ந்த கருமைக்கு வர முந்நூறு, நானூறு வருடங்களாவது பிடிக்கும்.